மணலுக்குள் வெந்த ரொட்டி

திருத்தங்கல்,
26-12-1958.

விருதுநகர் வத்தல் வியாபாரம் மரியாதைக்குரிய அத்தான் வெள்ளைத்துரை அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் காசிராஜன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நானும் சண்முகத்தாயும் சுகம். பட்டாசுக் கம்பெனியும் சுகம். அங்கே தாங்களும் அக்காளும், மார்கழிப் பனியில் ஈரம் ஏறாமல் வத்தல் மூட்டைகளும் சுகமாக இருக்கப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன்.

நேற்று மாலை பஸ் கண்டக்டரிடம் தாங்கள் சொல்லியனுப்பிய கேள்விகள் வந்து சேர்ந்தன. எனக்கு மட்டுமல்ல, பஸ்ஸில் இருந்த முப்பது பேருக்கும் வந்து சேர்ந்தன. அந்த ஆள் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, "மொதலாளி! ஒங்க கிடங்கு வெடிச்சிருச்சான்னு ஒங்க அத்தான் கேக்கச் சொன்னாக. நீங்க கள்ளு வாங்குனீகளாம்ல, அதையும் கேக்கச் சொன்னாக. ஒங்க மகனும் மருமகளும் வீட்டுக்குள்ள வந்துட்டாகளான்னும் கேட்டாக" என்று தண்டோரா போட்டுவிட்டு விசிலை ஊதிவிட்டான். மூன்றுக்கும் என் பதில் இல்லை, இல்லை, இல்லை என்பதே. ஆனால் வெறும் 'இல்லை' என்று எழுதினால் தாங்கள் நம்ப மாட்டீர்கள் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் சத்தியத்தைப் பற்றி. தங்கள் மகள் சுப்புலட்சுமியை என் மகன் தனுஷ்கோடிக்கு என்று நாம் இருவரும் பேசி வைத்திருக்க, மதுரை ஆஸ்பத்திரியில் குடல்வால் ஆபரேஷனுக்குப் படுத்த அந்தப் பயல், எழுந்திருக்கும்போது அங்கே நர்ஸாக இருந்த தென்காசிக் கிறிஸ்தவப் பெண் அன்னபாக்கியத்தைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லிக்கொண்டு எழுந்தான். கட்டியும் கொண்டான். அன்றைக்குத் தங்கள் கடையில் சூடம் கொளுத்தி, 'அவர்கள் இரண்டு பேரும் என் வாசல்படியை மிதிக்க மாட்டார்கள்' என்று தங்கள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். செய்த கையோடு சூடத்தை நானே ஊதி அணைத்தேன். அது தொழில் பழக்கம், அதனால் சத்தியத்தில் குறை ஒன்றும் இல்லை. சுப்புலட்சுமி சாத்தூரில் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டு, தலைப்பிள்ளையும் பெற்றுவிட்டாள். ஆனாலும் தங்கள் கோபம் அப்படியே இருக்கிறது. தங்கள் கோபம் இருக்கும்வரை என் சத்தியமும் இருக்கும். இரண்டு வருஷமாக இருக்கிறது.

இப்படி இருக்கையில் போன வாரம் பயலிடமிருந்து அவன் அம்மாவுக்கு ஒரு கார்டு வந்தது. கிறிஸ்துமஸுக்குப் பெண்டாட்டி பிள்ளையோடு தென்காசியில் மைத்துனன் வீட்டுக்குப் போகிறானாம். இருபத்துநாலாம் தேதி மத்தியானம் வண்டி திருத்தங்கல் ஸ்டேஷனில் இரண்டு நிமிஷம் நிற்குமாம். அம்மா பிளாட்பாரத்துக்கு வந்தால் பேரன் முகத்தை ஜன்னலில் காட்டுகிறானாம். அன்னபாக்கியத்தின் தாயார் பண்டிகைக்கு வருஷம் தவறாமல் வீட்டிலேயே பூரணம் வைத்து ரொட்டி சுடுவாராம். அந்த அம்மாள் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டதால் இந்த வருஷம் ரொட்டி இல்லையாம், அதை நினைத்து இவள் நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். கார்டை நான்தான் சண்முகத்தாய்க்குப் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும் அவள் என்னைப் பார்த்து, "அந்த ரொட்டிய நாஞ் சுட்டு ஜன்னல் வழியாக் குடுத்துவிடப் போறேன். ரயில்வேக்காரன் வண்டி ஒண்ணும் ஒங்க வாசப்படி இல்லயே?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். வாசல்படி இல்லைதான். ஆகவே அனுமதித்தேன்.

மறுநாளே ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்து, "பக்குவம் இதுல இருக்கு, வாசிங்க" என்றாள். யார் எழுதியது என்று கேட்டேன். தாளைப் பிடுங்கிக்கொள்ளப் போனாள். மேலே கேட்கவில்லை. மைதா இத்தனை, பூரணத்துக்குத் தேங்காய்ப்பூ, கருப்பட்டி, முந்திரி, கிஸ்மிஸ், ஏலம் என்று எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த அந்தத் தாளில் ஏழாவது வரியில் 'புளிக்க வைக்க ஒரு உழக்குக் கள்' என்று இருந்தது. அத்தான், நான் இந்த ஊர் மதுவிலக்குக் கமிட்டி உறுப்பினன். போன காந்தி ஜயந்திக்குக் கடைத்தெருவில் ஒலிபெருக்கி வைத்துப் பேசியவன். 'கள் இல்லாமல் புளிக்காதா?' என்று கேட்டேன். "புளிக்காமப் போனா சப்பாத்தியத்தான் ஜன்னல்ல குடுக்கணும்" என்றாள். பனை சுரக்கும் காலமும் இது இல்லை. வெம்பக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புக் காவலுக்கு இருக்கும் சுடலையிடம் போய், விஷயம் ரொட்டிக்கு என்று மூன்று தடவை சொன்னேன். அவன் மூன்று தடவையும் "சரிங்க மொதலாளி, ரொட்டிக்குத்தான்" என்று சிரித்தான். தூக்குவாளியில் ஊற்றி மூடி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினால், பக்கத்து சீட்டில் ஏட்டையா. பஸ் குலுங்கக் குலுங்க உள்ளே நுரை பொங்கி மூடியைத் தூக்குகிறது, நான் கையால் அமுக்குகிறேன், அது தூக்குகிறது. ஏட்டையா வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மோருங்க" என்றேன். "நல்ல வாசமான மாடு போலருக்கே" என்றார். இவ்வளவுதான் நடந்தது. ஒரு சொட்டு என் நாக்கில் பட்டிருந்தால் கேளுங்கள்.

மைதா விஷயத்தில் நான் காட்டிய முன்யோசனையையும் தாங்கள் கவனிக்க வேண்டும். கம்பெனியில் பசை காய்ச்சும் மைதாவில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்த விஷம் கலந்திருக்கும். ஆகையால் அதை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி, கடை மைதா தனியாக வாங்கினேன். மாவும் நன்றாகப் பொங்கி வந்தது. சுடுவதற்குத்தான் இடம் இல்லை. முற்றத்தில் அடுப்பு மூட்டினால் தெரு முழுக்க, 'காசிராஜன் மருமகளுக்கு ரொட்டி சுடுகிறான்' என்று பேசும். ஆகையால் கொல்லைப்புறம் இருக்கும் லேபிள் கிடங்குக்குள் அடுப்பை வைத்தேன். தீபாவளி சீசன் முடிந்து அது துடைத்துப்போட்ட மாதிரி காலியாகக் கிடந்தது. வெடிமருந்து ஒரு சிட்டிகைகூட அங்கே என்றைக்கும் வைத்ததில்லை. இரண்டு மண்பானை, அடியில் மணல், மணல்மேல் தகரத்தட்டு, தட்டில் ரொட்டி, கீழேயும் மூடிமேலேயும் கங்கு. தாளில் உள்ளபடியே எல்லாம் செய்தோம்.

தாளில் இல்லாதது ஒன்று நடந்தது. ஒத்தாசைக்கு நம் போர்மேன் பலவேசத்தை மட்டும் கூப்பிட்டிருந்தேன். இருபது வருஷமாக வெடி கெட்டித்த கை அது. பூரணத்தை மாவுக்குள் வைக்கச் சொன்னால் கட்டைவிரலால் இறுக்கி இறுக்கிக் கெட்டிக்கிறான். "இதென்ன ஆட்டம்பாமா, மெதுவா வைங்க" என்று சண்முகத்தாய் சத்தம் போட்டாள். "லூசா வச்சா வேலை நிக்காதும்மா" என்றான். நான் மணி பார்த்துவர உள்ளே போய்த் திரும்புவதற்குள், முதல் பானையின் மூடி ஆடுவதைப் பார்த்து மனசு பொறுக்காமல், சுற்றிலும் பசை தடவி, சாக்குத் துணி சுற்றி, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் இறுக்கிக் கட்டி, அதன்மேல் களிமண்ணும் பூசி வைத்திருக்கிறான். "காத்து ஒரு பொட்டு வெளிய போகாது மொதலாளி" என்று பெருமையாகச் சொன்னான். நானும் அதே தொழில்காரன், எனக்கும் அந்தக் கட்டு கண்ணுக்கு அழகாகத்தான் பட்டது. நல்லவேளை, கயிறு தீர்ந்துபோனதால் இரண்டாவது பானை தப்பியது.

சரியாக மதுரை வண்டி ஸ்டேஷனுக்குள் வந்து நிற்கிறது, பானை வெடிக்கிறது. உள்ளே அடைபட்ட ஆவி மூடியைக் கூரைக்கு அனுப்பிவிட்டது. ஓடு இரண்டு போயிற்று. என் வலது புருவமும் போயிற்று. கருகின சாக்கு கரும்புகையாகக் கிளம்பியது. இது வெடித்தது என்று சொல்ல முடியுமா? மூடி திறந்தது, அவ்வளவுதான். ஆனால் நம் ஊர்க் காதுக்கு அது தெரியாதே. தெருவில் வீட்டுக்கு இரண்டு மணல் வாளி தொங்கவிட்டவன் நான். 'புகை வரக்கூடாத இடத்தில் புகை வந்தால் கேள்வி கேட்காதே, கொட்டு. தண்ணீர் ஆகாது, மணல்தான்' என்று மாசம் ஒரு தடவை மணியடித்துப் பழக்கியவனும் நானே. நாற்பது பேர் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பழக்கும்போது ஒருநாளும் நேரத்துக்கு வந்திராத செல்லக்கனிதான் முதலில் வந்தாள். "நிறுத்துங்க, இது ரொட்டி!" என்று கத்தினேன். "கேள்வி கேக்கக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீக!" என்று சொல்லிக்கொண்டே கொட்டினாள். அடுப்பு மறைந்தது, இரண்டாவது பானை மறைந்தது, நான் முழங்கால்வரை மறைந்தேன். "போச்சே, வண்டி போயிருமே!" என்று சண்முகத்தாய் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வண்டி போய்விட்டதுதான். ஆனால் ஜன்னலில் உட்கார்ந்திருந்த தனுஷ்கோடி, தன் வீட்டுத் திசையில் சத்தமும் புகையும் வந்ததைப் பார்த்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குதித்துவிட்டான். அவன் இந்த ஊரில் பிறந்தவன், என்ன நினைத்திருப்பான் என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்னாலேயே அவளும் குதித்திருக்கிறாள். பெட்டி மட்டும் தென்காசிக்குப் போயிற்று. வருகிற வழியில் வேலியில் தொங்கிய ஒரு மணல் வாளியையும் எடுத்துக்கொண்டு, கொல்லைக் கதவு வழியாக நாற்பத்தோராவது ஆளாக அந்தப் பெண் உள்ளே வந்து, "யாருக்கு அடி? தீக்காயம் பட்டவுகளை மொதல்ல இங்கன கொண்டு வாங்க!" என்று ஒரு அதட்டல் போட்டாள். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். "மாமா, ஆடாம உக்காருங்க" என்று சொல்லி, என் முகத்தை இரண்டு கையாலும் திருப்பிப் பார்த்து, முந்தானையால் மணலைத் துடைத்தாள். அவளோடு பேசக்கூடாது என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனாலும் பேசவில்லை. வாயில் மணல்.

அப்புறம்தான் அவள் துடைப்பதை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "அத்தே, இது எங்கம்ம ரொட்டி வாசமால்ல இருக்கு" என்றாள். சண்முகத்தாய் மணல் குவியலைக் காட்டினாள். அந்தப் பெண் மண்டியிட்டு வெறுங்கையால் தோண்ட ஆரம்பித்தாள். நம் ஆட்களும் சேர்ந்து தோண்டினார்கள். இரண்டாவது பானை மூடி நகராமல் அப்படியே இருந்தது. கங்கின் சூட்டை மணல் பிடித்து வைத்துக்கொண்டதில் ரொட்டி ஒரே சீராக வெந்து, பொன் நிறமாகப் பொங்கி இருந்தது. பிட்டாள். உள்ளே கருப்பட்டிப் பூரணம் ஆவி விட்டது. ஒரு வாய் வைத்ததும் அழுதுவிட்டாள். அத்தான், எனக்கும் கண் கலங்கியது. மணல் விழுந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். தாங்களும் அப்படியே சொல்லவும்.

பேரனுக்கு எட்டு மாசம். பெயர் காசிராஜன் சாமுவேல். என் பெயரை வைத்திருக்கிறான் பயல், எனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. புருஷன் பெயரை வாயால் சொல்லி வழக்கம் இல்லாததால் சண்முகத்தாய் அவனை "சாமுவேலு, ஏலே சாமுவேலு" என்று தெருவெல்லாம் கேட்கக் கூப்பிடுகிறாள். வேறு வழியில்லை.

இனி முக்கியமான விஷயம். அடுத்த வண்டிக்கு அவர்களை அனுப்பச் சண்முகத்தாய் விடவில்லை. அதற்காக நான் சத்தியத்தை விட்டேன் என்று நினைக்க வேண்டாம். 'வீட்டுக்குள் கிடையாது' என்று கண்டிப்பாகச் சொல்லி, அந்தக் கிடங்கையே பெருக்கி, வைக்கோல் பரப்பி, ஜமக்காளம் விரித்துப் படுக்க வைத்தேன். கிறிஸ்துமஸும் அங்கேதான். இதைச் சொன்னபோது மருமகள் சிரித்தாள். ஏன் சிரிக்கிறாய் என்றதற்கு, "இந்தப் பண்டிகைக்கு ஏத்த எடந்தான் மாமா" என்றாள். எனக்கு விளங்கவில்லை. ஆக, கிடங்கு வெடிக்கவில்லை, பானைதான். நான் குடிக்கவில்லை, மாவுதான். வாசல்படியை யாரும் மிதிக்கவில்லை, கொல்லைக் கதவுக்குப் படியே கிடையாது. தங்கள் மைத்துனன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன்.

அக்காளுக்கு என் கும்பிடு. சாத்தூரில் சுப்புலட்சுமிக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசீர்வாதம். வத்தலுக்கு நல்ல விலையும் தங்களுக்கு நல்ல மனசும் கிடைக்கக் குலசாமி துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
சொல் தவறாத மைத்துனன்,
காசிராஜன்.

பின்குறிப்பு: இதை ஒட்டித் தபாலில் போடக் கிளம்பும்போது பஸ்ஸிலிருந்து அக்காள் வந்து இறங்கினாள். சாத்தூரில் பேத்தியைப் பார்க்கப் போவதாகத்தானே தங்களிடம் சொல்லியிருக்கிறாள்? அப்படி இல்லை. நேரே கொல்லைக்குப் போய், கிடங்கில் படுத்திருந்த பிள்ளையைத் தூக்கி, "என் தம்பி பேரை வச்சிக்கிட்டு ஒனக்கு வைக்கல்லயா படுக்கை?" என்று கேட்டுவிட்டு, முன்னால் சுற்றி வந்து வாசல் வழியாகவே வீட்டுக்குள் போனாள். பால் குடிக்கிற நேரம், மருமகள் பின்னாலேயே ஓடினாள். பெண்டாட்டி போனதால் பயலும் போனான். மூன்று பேருக்கும் நான் குறுக்கே நிற்கத்தான் நினைத்தேன். ரொட்டிப் பக்குவம் எழுதிய தாள் அக்காள் கையெழுத்து. சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை போனபோது அவள் சத்திரத்தில் தங்கவில்லை, பயல் வீட்டில்தான் இருந்திருக்கிறாள், பிள்ளைப்பேறே அவள்தான் பார்த்தாளாம், பக்குவத்தையும் மருமகளிடம் கேட்டு அப்போதே எழுதி வைத்தாளாம். முந்திரியும் கிஸ்மிஸும்கூடத் தங்கள் பக்கத்துக் கடையில் அவள் வாங்கிக் கொடுத்தனுப்பியவைதானாம். தாங்கள் நேரில் வந்து கூப்பிடாமல் ஊர் திரும்புவதில்லை என்று உட்கார்ந்துவிட்டாள். ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வரவும். வருஷப்பிறப்புக்கு இன்னொரு ரொட்டி சுடுகிறோம், நல்ல முந்திரி இரண்டு படி கொண்டுவரவும். தொட்டில் கட்ட உறுதியான உத்திரம் முன்வாசலுக்கு நேரேதான் இருந்தது. தாங்கள் சத்தமில்லாமல் கொல்லை வழியாக வரவும். வாசலில் காசிராஜன் தூங்குகிறான்.