ஆறாவது மதிப்பு

என்ஜினியர் கமாவின் பாலம் மேல்நோக்கி வளைந்தது. லாரி ஏறினால் எந்தப் பாலமும் இம்மியளவு கீழே தொய்யும். கணினித் திரையில் அவருடையது மட்டும் முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது.

விட்டுப்போன கமாக்களைத் தேடித் தேடியே அலுவலகத்தில் அந்தப் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. பாலக் கணக்குப் போடும் அந்தப் பெரிய ஃபோர்ட்ரான் புரோகிராமில் பாதி அவர் எழுதியது. மீதி, அவர் பகுதி கூப்பிட்டு வேலைவாங்கும் சப்ரூட்டீன் என்ற துணைப்பகுதிகள், அடுத்த மேசையில் இருக்கும் அவர் மனைவி எழுதியவை. மாலைக்குள் சரியாகாவிட்டால் வேலையை வெளியாளிடம் கொடுத்துவிடுவதாக மேலதிகாரி சொல்லிவிட்டார்.

என்னதான் நடக்கிறது என்று பார்க்க நடுவில், அதுவரை வந்த எண்களை அச்சிடச் சொல்லும் ஒரு பிரிண்ட் வரி சேர்த்தார். பாலம் சமர்த்தாகத் தொய்ந்தது. மகிழ்ந்துபோய் அந்த வரியை எடுத்தார். மறுபடியும் முதுகு தூக்கியது. இருந்து தொலையட்டும் என்று வரியை வேறொரு இடத்தில் சேர்த்தார். பாலம் ஆற்றுக்குள்ளேயே இறங்கிவிட்டது.

மனைவி நாற்காலியைத் திருப்பினாள். "என் சப்ரூட்டீனைக் கூப்பிடற இடத்துல எத்தனை மதிப்பு அனுப்புறீங்கன்னு ஒருதடவை எண்ணிப் பாருங்களேன். வெப்பநிலையும் சேர்த்து ஆறு வேணும்னு போன வாரமே சொன்னேன்."

"எனக்கே எண்ணக் கத்துக்குடுக்கிறியா? தப்பா இருந்தா மெஷின் சொல்லட்டும், கேட்டுக்கறேன்."

மெஷின் சொல்லாது. தனித்தனிக் கோப்புகளில் இருப்பதை அது ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. ஆறு கேட்ட இடத்தில் ஐந்து வந்தால், நினைவகத்தில் பக்கத்தில் எது கிடக்கிறதோ அதை ஆறாவதாக எடுத்துப் போட்டுக் கணக்கை முடித்துவிடும். ஒரு பிரிண்ட் வரி கூடினாலோ குறைந்தாலோ பக்கத்தில் கிடப்பதும் மாறிவிடும். இப்படிப்பட்ட தப்பைப் பிடிக்கவென்றே ஒரு சோதனை மென்பொருள் வரப்போவதாகக் கம்ப்யூட்டர் அறைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார்.

மதியம் மனைவி ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தாள். அந்த மென்பொருள் வந்துவிட்டதாம், ஓட்டிப் பார்த்தாளாம். வறட்டு நடையில் ஒரே வரி: 'அனுப்பியவை ஐந்து. எதிர்பார்த்தவை ஆறு. வெப்பநிலை இல்லை.'

கமா உடனே வெப்பநிலையைச் சேர்த்தார். பிரிண்ட் வரி எதுவும் இல்லாமலே பாலம் அடக்கமாகத் தொய்ந்தது. மேலதிகாரி வந்து பார்த்து, வேலை உங்களுக்கே என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். கமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"குத்திக்காட்டாம, போன வாரமே சொன்னேன்னு சொல்லாம, தப்பை மட்டும் காட்டுச்சு பாரு. அதுதான் மெஷின்" என்று மனைவியிடம் உருகினார். அவள் சிரித்துக்கொண்டே தேநீரைக் குடித்தாள்.

நன்றியை நேரிலேயே சொல்லிவிடலாம் என்று கம்ப்யூட்டர் அறைக்குப் போனார். அறைக்காரர் தரையில் உட்கார்ந்து ஒரு அட்டைப்பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கமா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அந்த மென்பொருள் தன் பாலத்தையும் மானத்தையும் காப்பாற்றிய கதையைச் சொன்னார்.

"எது சார்? பெட்டியையே இப்பதானே பிரிக்கிறேன். உங்க வீட்டம்மாதான் காலையில வந்து, இது ஓடினா ரிசல்ட் எந்த மாதிரி அச்சாகும்னு மட்டும் கேட்டுட்டுப் போனாங்க."