பெஞ்சில் உட்கார்ந்திருந்த சொத்து

ஜார்ஜ்டவுன் முழுக்கத் தேடினாலும், கைப்பேசியைத் திறந்து தன் சொத்தைக் காட்டிவிட்டு, "தொடாத, அழுக்காயிரும்" என்று அதட்டக்கூடிய ஒரே ஆள் எங்கள் கார்டு அக்காதான்.

பாயான் லெப்பாசில் நாங்கள் வேலை பார்த்த மின்னணுத் தொழிற்சாலையில் அவர் லைன் லீடர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். சொத்து என்பது ஒரு டிஜிட்டல் கார்டு. உள்ளூர்க் கால்பந்து கிளப் ஒன்று தன் ஆட்டக்காரர்களின் வீடியோத் துண்டுகளை, ஆளுக்குப் பத்தே பிரதி என்று ஆப்பில் விற்றது. அக்கா வாங்கியது தேவா என்ற மாற்றுக் கோல்கீப்பருடையது. பயிற்சியில் அவன் ஒரு பந்தைப் பிடிக்கிறான். அவ்வளவுதான் வீடியோ.

"இத நான் சும்மாவே பாக்கலாமேக்கா?" என்றேன், ஃபேக்டரி பஸ்ஸில்.

"பாக்கலாம் லா. உன் ஐ.சி. அடையாள அட்டைய எவனாச்சும் போட்டோஸ்டேட் எடுத்தா, அவன் நீயாயிருவானா?"

"சரி, கோல் போடுறவன விட்டுட்டு பெஞ்சுல உக்காந்திருக்கிறவன ஏன் வாங்குனீங்க?"

"மேல இருக்கிறவன் எங்க ஏறுவான்? இவனுக்குத்தான் ஏற எடம் இருக்கு."

ஆட்டக்காரன் ஆடினால்தான் கார்டுக்கு விலை. ஆகவே தேவாவின் உடம்பு அக்காவின் பொறுப்புக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாசி கண்டார் சோற்றுக் கடையில் பொரித்த கோழியோடு அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். நேரே போய்த் தட்டை இழுத்தார்.

"தம்பி, கோழி வேணாம். என் காசு உன் முட்டியில இருக்கு."

அவன் பயந்துபோய் முழங்காலைத் தடவிப் பார்த்தான். "நீங்க யாருக்கா?"

"உன் ஓனர் லா."

அடுத்து, பயிற்சியாளரிடம் போய் அவனை ஏன் இறக்குவதில்லை என்று நியாயம் கேட்டார். அந்த மனிதர், "நீங்கள் அவன் அம்மாவா?" என்று மலாயில் விசாரித்தார். "இன்வெஸ்டர்" என்றார் அக்கா, நிமிர்ந்து நின்று.

ஒருநாள் முதல் கோல்கீப்பருக்குக் கை பிசகியது. தேவா இறங்கினான், பெனால்டி ஒன்றைப் பாய்ந்து தடுத்தான். மறுநாள் அவன் கார்டுக்கு ஆப்பில் அடிதடி. "வித்துருங்கக்கா!" என்று லைனே கத்தியது. அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த ஆட்டத்தில் அவன் ஆறு கோல் விட்டான். ஆறாவது அவன் கால்களுக்கு நடுவே நிதானமாக உருண்டு போனது. கூட்டம் ஊளையிட்டது. அக்கா எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"வல அவ்ளோ பெருசா இருக்கு! அவன் ஒருத்தன்தான இருக்கான்!"

விடிந்ததும் ஆளாளுக்குக் கார்டை விற்கப் போட்டார்கள். வாங்கத்தான் நாதியில்லை. தேநீர் இடைவேளையில் அக்கா போனை மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தார். ஒருவழியாக விற்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். வாங்கிக்கொண்டிருந்தார்.

"பைத்தியமாக்கா? குப்பைக்குப் போற சாமான்!"

"மெதுவா பேசு லா." அக்காவின் குரல் தணிந்தது. "அவனும் இந்த ஆப்ப பாப்பான்ல? நேத்து அப்படி ஆயிருச்சு. இன்னைக்குத் தன்ன ஒருத்தரும் கேக்கலன்னு தெரிஞ்சா அவன் மனசு என்னாவும்?"



தேவா இப்போது பட்டர்வொர்த்தில் சிறுவர்களுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறான். அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். அந்த ஆறு கோலுக்கு மறுநாள் சாயங்காலம் பஸ்ஸில், அக்கா வாங்கியது போக மிச்சமிருந்த தேவாவின் ஒரு கார்டை நான் வாங்கினேன். கால்பந்தில் அணிக்கு எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. இதுவரை யாரும் அதை விலைக்குக் கேட்டதில்லை. கேட்டாலும் கொடுப்பதாக இல்லை.