வாணியின் இரத்தத்தில் குறைந்த மருந்து

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு, திருகோணமலை ஆஸ்பத்திரியில், என் மகளின் இரத்தம் என்னைக் காட்டிக்கொடுத்தது. அதுவரை எங்கள் குடும்பத்தில் மிகவும் பொறுப்பான ஆள் நான். (அப்படி நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.)

வாணிக்கு அப்போது பத்து வயது. வலிப்பு வருத்தம். காலையும் பின்னேரமும் ஒவ்வொரு குளிசை. கட்டைபறிச்சானிலிருந்து மூதூருக்குப் போய், லோஞ்ச் படகில் குடாக்கடலைக் கடந்து, திருகோணமலையில்தான் அதை எடுக்கவேண்டும். சண்டை மூண்டால் லோஞ்ச் நிற்கும். லோஞ்ச் நின்றால் மருந்தில்லை. என் நித்திரையைக் கெடுக்க அந்த ஒரு நினைப்பே போதும்.

ஒரு வருடமாக வலிப்பே வராத பிள்ளைக்கு, அந்த மாசி மாதம் மூன்று தரம் வந்தது. ஒரு தரம் வகுப்பில் விழுந்து முகத்தில் நாடி கிழிந்து தையல் போட்டார்கள். டொக்டர் இரத்தம் எடுத்து, மருந்தின் அளவைப் பார்க்கக் கொழும்புக்கு அனுப்பினார்.

"மூளைக்குள்ளை எவ்வளவு போய்ச் சேருதெண்டு திறந்து பாக்கேலாது, மாஸ்டர். ரத்தத்திலை உள்ளதை வைச்சுத்தான் மட்டுக்கட்டிறது."

விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்பதால் தலையை ஆட்டினேன். (திறந்து பார்ப்பதென்றால் முதலில் என்னுடையதைத் திறந்திருக்க வேண்டும்.)

அந்த வெள்ளிக்கிழமை தையல் வெட்ட வாணியை தாதி மிஸ்ஸி கூட்டிப்போக, டொக்டர் கொழும்புத் தாளை விரித்தார்.

"வேண்டிய அளவிலை பாதிகூட இல்லை. ஒழுங்காக் குடுக்கிறியளோ?"

"ஒரு நேரமும் தவறேல்லை, டொக்டர்."

"நான் கண்ணாலை பாக்கிறனான். இவர் தன்ர கையாலைதான் குடுக்கிறவர்" என்று என் மனைவி சரசு சாட்சி சொன்னாள். அவள் என்னை அவ்வளவு பெருமையாகப் பார்த்தது அதற்கு முன்னுமில்லை, பின்னுமில்லை.

எனக்குத் துணிவு வந்துவிட்டது. "கொழும்பு போய்ச் சேருமட்டும் எத்தினை செக்பொயின்ற். ரத்தத்தை இறக்கி ஏத்திக் குலுக்கியிருப்பாங்கள்."

"குலுக்கினா மருந்து வெளியிலை விழாது, மாஸ்டர்."

"ஐஸ் உருகியிருக்கும்."

"உருகட்டும்."

"வேறை ஆரின்ரையும் ரத்தமாயும் இருக்கலாம்." (விஞ்ஞான ஆசிரியர்!)

டொக்டர் பேனையை எடுத்தார். "ஒழுங்காக் குடுத்தும் காணாதெண்டால் கூட்டித்தான் எழுதவேணும். ஆனால் கவனம். இந்த மருந்து கொஞ்சம் மிஞ்சினாலும் தலை சுத்தும், நடை தள்ளாடும்."

பேனை தாளைத் தொட்டது. லோஞ்சின் விளிம்பில் வாணி தள்ளாடுவது என் கண்ணுக்குள் வந்தது.

"எழுதாதேங்கோ" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். லோஞ்ச் நிற்கும் நாளுக்கு உதவுமென்று பின்னேரக் குளிசையை முறித்து, பாதியை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்துவிட்டு, மற்றப் பாதியை ஒரு வெறும் பால்மா ரின்னில் ஒளித்துச் சேர்த்துவந்தேன். வலிப்பு வரத் தொடங்கியதும் பயந்துபோனேன். மருந்து இன்னும் நிறையத் தேவைப்படும் என்று காலைக் குளிசையையும் முறித்தேன்.

டொக்டர் பேனையை மூடி வைத்தார். "பயமெண்டால் என்னட்டைக் கேட்டிருக்கலாமே, மாஸ்டர். ஒரு மாதத்துக்கு மேலதிகமா எழுதித் தந்திருப்பன்."

இப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சரசு எழுந்து, தன் கதிரையை இழுத்து டொக்டரின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "இனி என்னோடை கதையுங்கோ, டொக்டர்."

அன்றிலிருந்து குளிசை அவள் கையில். பழைய அளவை முழுதாகக் கொடுக்க, வலிப்பு அடங்கியது. என் பயம்தான் அடங்கவில்லை. வாணி வேலைக்குப் போகும் இந்த நாளிலும், அவள் வர நேரம் சுணங்கி நான் வாசல் படலையில் போய் நின்றால், அன்று ஆஸ்பத்திரியில் வாணி சொன்னதைத்தான் சரசு குசினிக்குள் இருந்து சொல்கிறாள்.

அந்த வெள்ளிக்கிழமை, தையல் வெட்டி, நாடியில் பிளாஸ்ரரோடு வாணி உள்ளே வந்தாள். தாய் இருந்த இடத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். சரசு ஒரே மூச்சில் நடந்ததைச் சொல்லி முடித்தாள். வாணி யோசித்துவிட்டு டொக்டரிடம் சொன்னாள்:

"அப்பான்ர ரத்தத்தையும் எடுத்துக் கொழும்புக்கு அனுப்புங்கோ, டொக்டர். பயம் எவ்வளவு கிடக்கெண்டு பாப்பம்."