ரோட்டில் படுக்கத் தெரியாத வண்டி

செவ்வாய்க்கிழமை எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். காலை பத்து மணிக்கு மார்க்கையன்கோட்டைக்குப் பாதை பிரிகிற விலக்கில் சாலை மறியல். அறிவித்தது நான். தலைமை நான். நோட்டீசில் பெரிய எழுத்தில் இருந்த பேரும் என்னுடையதுதான்.

காரணம் சின்னது இல்லை. வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, கடைமடைக்கு வரவில்லை. நடுவில் ஒரு மதகு ஷட்டர் துருப்பிடித்துப் பாதியில் நிற்கிறது. நாற்றங்கால் வெடித்துக் கிடக்கிறது. இன்னும் நாலு நாள் போனால் நாற்று கருகிவிடும், முதல் போகம் அவ்வளவுதான். வாய்க்கால் ஆபீஸ் இன்ஜினியர் நேரில் வந்து, ஷட்டரை இன்ன தேதிக்குள் சரிசெய்வேன் என்று எழுதிக் கொடுக்கும்வரை ரோட்டை விடுவதில்லை. இதுதான் தீர்மானம்.

நாற்பது வருஷமாக நான் செய்கிற வேலை. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். இந்த முறை கெடுத்தது அரசும் இல்லை, போலீசும் இல்லை. என் புது வண்டி.

முதலில் பழைய வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

இருபத்தாறு வருஷம் ஒரு சின்ன பைக் வைத்திருந்தேன். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுகிற ரகம். இப்படி அலங்காரம் எதுவும் இல்லாத வண்டிக்கு 'ரோட்ஸ்டர்' என்று பேராம். புது வண்டி ஷோரூம்காரர் சொன்னார். அது தெரியாமலே இருபத்தாறு வருஷம் ரோட்ஸ்டர் ஓட்டியிருக்கிறேன், பின்னால் மைக்செட் கட்டிக்கொண்டு!

உதைத்தால் கிளம்பாது. கெஞ்சினால் கிளம்பாது. இறங்கி நின்று கெட்ட வார்த்தை சொன்னால் கிளம்பும். அதன் சத்தம் எங்கள் பள்ளத்தாக்குக்கே தெரியும். நான் ஆபீஸ் வாசலைத் தொடுவதற்குள் உள்ளே இருக்கிற அதிகாரி பின்வாசல் வழியாகக் கள ஆய்வுக்குப் போயிருப்பார். மழை பெய்தால் பிளக்கைக் கழற்றி வேட்டியில் துடைக்கவேண்டும். என் வேட்டி எல்லாவற்றிலும் ஒரு கறுப்பு வட்டம் உண்டு. அதைப் பார்த்து, "என்னமோ தியாகத் தழும்பு போல" என்று வெளியூர்த் தோழர்கள் மரியாதை கொடுத்தார்கள். நானும் மறுக்கவில்லை.

அந்த வண்டியைக் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற என் மகள் செல்வி எடைக்குப் போட்டுவிட்டாள்.

"அப்பா, அந்தப் புகையில நீங்க ஊருக்குச் செய்ற நல்லதெல்லாம் கழிஞ்சு போயிருது" என்றாள். அடுத்த வாரம் வீட்டு வாசலில் ஒரு பேட்டரி பைக் நின்றது. அதுவும் சின்ன ரோட்ஸ்டர்தான். நிறம் மட்டும் கேட்டுவிட்டு வாங்கியிருந்தாள். சிவப்பு.

புது வண்டியிடம் ஒரே ஒரு குறை. அது என்னிடம் மரியாதையாக நடந்துகொள்கிறது.

ஏறி உட்கார்ந்தால் முன்னாலிருக்கிற சின்னத் திரையில் வணக்கம் என்று வருகிறது. நாற்பது வருஷத்தில் எந்த அரசு அலுவலகத்திலும் எனக்கு முதலில் வணக்கம் சொன்னவர்கள் கிடையாது. சத்தம் இல்லை. புகை இல்லை. உதை இல்லை. கோபப்படுவதற்கு ஒன்றுமே இல்லாமல் ஒரு போராளி எப்படி வெளியே கிளம்புவது?

வீட்டில்தான் பிரச்சினை. சார்ஜ் போடுகிற பிளக்கும் கிரைண்டர் பிளக்கும் ஒன்று.

"ஏங்க, ஒங்க வண்டியக் கழட்டுங்க, மாவாட்டணும்" என்பாள் என் மனைவி பாக்கியம்.

"கொஞ்சம் பொறு. இன்னும் இருபது சதவீதம் இருக்கு."

"அப்ப நாளைக்குக் காலையில இட்லிக்குப் பதிலா அந்த இருபதத் தின்னுங்க."

இந்த வண்டியில்தான் மறியலுக்குப் போனேன். விலக்கில் நூறு பேர் இருந்தார்கள். சத்தம் இல்லாமல் போய் நின்றதால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும், "ஏலே, தலைவரு வர நேரம், வண்டிய ஓரமா எடு" என்றார். என்னிடம்!

எங்கள் விவசாயிகள் சங்கத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மறியலுக்குத் தலைமை தாங்குகிறவரின் வண்டிதான் முதலில் ரோட்டுக்குக் குறுக்கே படுக்கவேண்டும். நிற்பது இல்லை, படுப்பது. நிற்கிற வண்டியை ஒரு போலீஸ்காரர் விசிலடித்துக்கொண்டே தள்ளிவிடுவார். படுத்த வண்டியைத் தூக்க நாலு பேர் குனியவேண்டும். நாலு போலீஸ் குனிந்தால் பத்திரிகைக்கு ஒரு போட்டோ. சட்டத்தை இயற்றியது அடியேன்.

பழைய வண்டி இதற்கென்றே பிறந்தது. இஞ்சினை அணைத்தால் அதுவே சாயும். பல மறியல்களில் படுத்திருக்கிறது. இரண்டு தடவை ஸ்டேஷனில் மாசக்கணக்கில் கிடந்திருக்கிறது. திரும்பி வரும்போது எந்தக் கீறல் பழசு, எந்தக் கீறல் புதுசு என்று எனக்கே தெரியாது.

புது வண்டியை நான் புளியமரத்து நிழலில் நிறுத்தினேன். சைடு ஸ்டாண்டு நன்றாக ஊன்றியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். மேலே காக்கா இருக்கிறதா என்று அண்ணாந்தும் பார்த்தேன்.

பேச்சியம்மாள் இதைப் பார்த்துவிட்டாள். கடைமடையில் ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவள். நாற்றங்கால் முதலில் வெடித்தது அவளுக்குத்தான். வாயும் வயலைப் போல, அதில் ஈரம் கிடையாது.

"என்ன தோழரே, மாப்பிள்ளைய நெழல்ல உக்கார வச்சிட்டீக? தாலி கட்ட யாரு வாரா?"

"இது பேட்டரி வண்டி ஆத்தா. படுக்க வச்சா சார்ஜ் எறங்கிரும்."

"அப்பிடியா? நாங்கள்லாம் படுத்தாத்தான் எங்களுக்குச் சார்ஜே ஏறுது."

நூறு பேரும் சிரித்தார்கள். தனிச்சொத்து மனிதனை எப்படிக் கோழையாக்குகிறது என்று நானே ஒரு துண்டுப் பிரசுரம் எழுதியிருக்கிறேன். எட்டுப் பக்கம். அதில் உதாரணம் மட்டும் விட்டுப்போயிருந்தது.

ரோஷம் வந்துவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடுரோட்டுக்கு வந்தேன். தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து முதலில் தார்ரோட்டில் விரித்தேன். அதன்மேல் வண்டியை மெதுவாகச் சாய்த்தேன். ஹேண்டில்பாருக்கு அடியில் கையைக் கொடுத்து, கடைசியாகக் கையை உருவினேன்.

"தொட்டில் கட்டிருவமா தோழரே?" என்றாள் பேச்சியம்மாள்.

"அமைதி காக்கவும்!" என்றேன் மைக்கில்.

மறியல் தொடங்கியது. அப்போது கீழே கிடந்த வண்டி, 'பீப் பீப் பீப்' என்று கத்த ஆரம்பித்தது. குனிந்து பார்த்தேன். திரையில் என்னமோ எழுத்து ஓடியது. மூக்குக்கண்ணாடி வீட்டில், கிரைண்டர்மேல். எழுத்துக்குக் கீழே இரண்டு பொத்தான் மட்டும் தெரிந்தது. ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. ஏதாவது ஒன்றை அமுக்கச் சொல்கிறது என்று புரிந்தது.

நாற்பது வருஷப் பழக்கம். சிவப்பை அமுக்கினேன்.

சத்தம் நின்றது. "பாத்தீகளா? நம்ம பேச்சக் கேக்குது!" என்றேன் பெருமையாக. பிறகு என் செல்போனை அணைத்துப் பையில் போட்டேன். மறியலில் போன் அணைந்திருக்கவேண்டும் என்பதும் நான் கொண்டுவந்த ஒழுங்குதான். வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் புரட்சி பாதியில் நின்றுவிடும்.

அரை மணி நேரம் பிரமாதமாகப் போனது. இரண்டு பக்கமும் பஸ், லாரி, தக்காளி வேன். ஏலத் தோட்டத்துக்குப் போகிற கேரளா ஜீப்பிலிருந்து ஒருவர் இறங்கி வந்து, "சேட்டா, எந்தா பிரச்னம்?" என்று கேட்டார். வாய்க்கால் வரலாற்றை ஆதியிலிருந்து சொன்னேன். அவர் பாதியிலேயே ஜீப்புக்குத் திரும்பிவிட்டார். பிரச்சினை என்னவென்று அவருக்குப் புரிந்துவிட்டது என நினைக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்தார். பல வருஷப் பழக்கம்.

"எத்தன மணிக்கு முடிப்பீக தோழரே?"

"இன்ஜினியர் வந்து எழுதிக் குடுத்த மறுநிமிசம்."

"கெளம்பிட்டாராம். தேனிக்கு மீட்டிங் போற வழியில இங்கன எறங்கிப் பேசுறேன்னு சொல்லியிருக்காரு. ஜீப்பு பின்னால டிராபிக்ல நிக்கிது. இந்தா, பத்து நிமிசம்."

ஜெயித்துவிட்டோம்! அப்போதுதான் சைரன் கேட்டது.

சின்னமனூர்ப் பக்கமிருந்து, ஓரமாக மண்ணில் இறங்கி ஏறி, ஓர் ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது. இதில் எங்களுக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. யார் மறியல் செய்தாலும் ஆம்புலன்சுக்கு வழி விடுவோம். மைக்கை எடுத்து நானே முழங்கினேன்.

"தோழர்களே! ஓர் உயிர் போராடிக்கொண்டிருக்கிறது! முழு ரோட்டையும் விடுங்கள்! மனிதாபிமானத்தில் நம்மை யாரும் மிஞ்சக்கூடாது!"

முழு ரோட்டையும் விட்டார்கள். என் வண்டியைத் தூக்கி நிறுத்த நாலு பேர் குனிந்தார்கள். நாலுமே எங்கள் ஆட்கள். ஆம்புலன்ஸ் வழியில் நுழைந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு பஸ் நுழைந்தது. பஸ்ஸுக்குப் பின்னால் தக்காளி வேன், கேரளா ஜீப், இன்னொரு பஸ். இன்ஸ்பெக்டருக்கு இதைவிட நல்ல நேரம் எப்போது வரும்? "போ, போ, போ!" என்று விசிலடித்துத் தள்ளினார். நானும் ஓரத்தில் நின்று கையை ஆட்டி ஆட்டி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அதில் ஒரு வெள்ளை ஜீப்பும் போனது. உள்ளே இருந்தவர் எனக்கு ஒரு கும்பிடு போட்டார். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

"யாரு தோழரே அது?" என்றாள் பேச்சியம்மாள்.

"யாரோ நல்ல மனுசன்."

"வாய்க்கால் ஆபீசுன்னு கண்ணாடியில எழுதியிருந்துச்சே?"

எனக்குக் கண்ணாடி இல்லை என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா. இன்ஜினியர் தேனி மீட்டிங்குக்குச் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சின்னமனூர்ப் பக்கமிருந்து வந்த ஆம்புலன்ஸ் எங்களைத் தாண்டி வேகமாகப் போகும் என்று பார்த்தால், இருபதடி தள்ளி ஓரங்கட்டி நின்றிருந்தது. கதவு திறந்தது. ஸ்டிரெச்சர் இறங்கியது. வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் ஒருத்தி ஓடி வந்தாள்.

"அடிபட்டவரு எங்கன இருக்காரு? வயசான ஆளு, சிவப்பு பைக்கு, விழுந்து எந்திரிக்கல, போனும் எடுக்கலன்னு தகவல். பொண்ணு கோயம்புத்தூர்ல இருந்து அழுதுக்கிட்டே பேசுனாக."

நூறு பேரும் சிவப்பு பைக்கைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"அவுக நல்லாத்தான் நிக்கிறாக ஆத்தா" என்றாள் பேச்சியம்மாள். "விழுந்தது வண்டி. அதுவும் மெத்தை விரிச்சுத்தான் விழுந்துச்சு."

போனை உயிர்ப்பித்தேன். பதினெட்டு அழைப்பு. பத்தொன்பதாவது உடனே வந்தது.

"அப்பா! இருக்கீகளா?"

"இருக்கேன்மா."

"வண்டி சாஞ்சிருச்சு, அப்பாவுக்கு உதவி வேணும்னு எனக்குச் செய்தி வருதுப்பா! நல்லா இருந்தா பச்சைய அமுக்கணும். எதுக்குச் செவப்ப அமுக்குனீக?"

"கொள்கைம்மா" என்றேன்.

வெள்ளைக் கோட்டுப் பெண் என்னை விடவில்லை. "வந்தது வந்துட்டோம் ஐயா, பிரஷர் பாத்துருவோம்" என்று கையில் பட்டையைச் சுற்றினாள். அந்த நேரத்தில் எந்த மனிதனுக்கும் பிரஷர் சரியாக இருக்காது. எண்ணைப் பார்த்தவள் முகம் மாறியது.

"ஐயா, அஞ்சு நிமிசம் இதுல படுங்க."

"நான் மறியல்ல இருக்கேன்மா."

"எந்த மறியலு?" என்றாள். ரோட்டில் லாரிகள் அறுபதில் போய்க்கொண்டிருந்தன.

படுத்தேன். பத்திரிகை நிருபர் அப்போதுதான் வந்தார். மறுநாள் படம் வந்தது. என் வண்டி ரோட்டோரம் கம்பீரமாக நிற்கிறது. பக்கத்தில் நான் படுத்திருக்கிறேன். மேலே, 'வெயில் தாங்காமல் முதியவர் மயக்கம்.' கோரிக்கை பற்றி ஒரு வரி இல்லை. நாற்றங்கால் பற்றி ஒரு சொல் இல்லை. நான் முதியவர் என்பது மட்டும் உறுதிப்பட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலமே சங்கக் கூட்டம் நடந்தது. மூன்று நாள்தான் மிச்சம் இருக்கிறது, நாளைக்கே மறுபடியும் மறியல் என்று தீர்மானம் போட்டார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தேன்.

பேச்சியம்மாள் கையைக் காட்டினாள். "நீங்க இருங்க தோழரே. ஒங்களுக்குப் பிரஷரு. வண்டிக்கும் விழுந்த அசதி இருக்கும்ல?"

"தலைமை தாங்க ஆள் வேணுமே?"

"உக்காரத்தான் போறோம். அதுக்கு எதுக்குத் தலைமை?"

புதன்கிழமை காலையில் நாற்பது பெண்கள் நடந்தே போனார்கள். மைக் இல்லை, நோட்டீஸ் இல்லை. ஆளுக்கொரு பிடி பழுத்த நாற்றைப் பிடுங்கிக்கொண்டு போய், ரோட்டில் வரிசையாக நட்டுவைத்ததுபோல உட்கார்ந்துகொண்டார்கள். நான் வீட்டில் பிளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, வண்டி எண்பது சதவீதம் ஆவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்பது நிமிஷத்தில் இன்ஜினியர் வந்தார். எழுதிக் கொடுத்தார். கையோடு வெல்டிங்காரரையும் கூட்டி வந்தார். இருட்டுவதற்கு முன்னால் ஷட்டர் தூக்கியாகிவிட்டது. வியாழக்கிழமை காலையில் கடைமடையில் கணுக்கால் தண்ணீர்.

நாற்பது வருஷத்தில் இவ்வளவு சீக்கிரம் எந்தப் போராட்டத்திலும் நாங்கள் ஜெயித்ததில்லை. இத்தனை காலமாக எது தடையாக இருந்தது என்று சங்கத்தில் ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. நாகரிகம் தெரிந்த ஆட்கள்.