இலக்கணம் அக்காவின் நாலு வருஷ மௌனம்

திருவனந்தபுரம் பக்கத்துக் கழக்கூட்டத்திலேயே இலக்கண சுத்தமாக மலையாளம் தெரிந்தவர் எங்கள் ஹாஸ்டல் இலக்கணம் அக்காதான். நாலு வருஷமாக அதில் ஒரு வார்த்தைகூடப் பேசாமலிருந்தார் என்பது வேறு விஷயம்.

அக்காவுக்குத் திருநெல்வேலி. சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. "தப்பில்லாம வரட்டும்ட்டி, பொறவு பேசுதேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு நோட்டில் மலையாள வாக்கியங்களை எழுதி எழுதித் திருத்திக்கொண்டிருப்பார். பஸ்ஸில் இறங்க வேண்டுமானால் "ஆளிறங்ஙானுண்டு" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். அக்கா அந்த 'ங்ஙா'வை மனசுக்குள் சரிபார்ப்பார். அது சரியாக வருவதற்குள் பஸ் அடுத்த ஊரான கணியாபுரம் போயிருக்கும். அங்கிருந்து ஆட்டோவில் திரும்புவார், டிரைவரிடம் போனில் மேப்பைக் காட்டி.

ஹாஸ்டல் வாசலில் டீக்கடை வைத்திருந்த சேச்சி, அக்காவுக்குப் பேச்சே வராது என்று முடிவு கட்டியிருந்தார். "பாவம் குட்டி" என்று தினமும் ஒரு பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, கூடுதலாக வைப்பார். இந்தத் தவறான எண்ணத்தை நீக்க அக்காவின் நோட்டில் ஒரு வாக்கியம் தயாராகிக்கொண்டிருந்தது. அது முடிகிறவரை பழம்பொரியைச் சாப்பிட்டார். பேச்சே வராதவருக்கு மலையாளமா புரியும் என்ற தைரியத்தில் சேச்சி தன் வீட்டு விஷயம் அத்தனையையும் அக்காவின் எதிரிலேயே போனில் பேசுவார்.

போன வருஷம் ஒரு காலையில் சேச்சி டீ ஆற்றும்போதே சரிந்து விழுந்தார். நானும் அக்காவும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என்னென்ன மருந்து எடுக்கிறார் என்று டாக்டர் கேட்டார். நான் நாகர்கோவில்காரி, மலையாளம் தடையில்லாமல் வரும். சொல்லத்தான் ஒன்றும் தெரியவில்லை.

அக்கா வாயைத் திறந்தார்.

"டாக்டரே, சேச்சிக்கு ஷுகர் உண்டு. இன்சுலின் போன வாரம் கூட்டி. இன்னு காலைல இன்சுலின் போட்டு. விரதமாணு, ஒண்ணும் கழிச்சிட்டில்லா. பென்சிலின் ஆகாது. மகள்கிட்ட சேச்சி பறயுறது ஞான் கேட்டு."

டாக்டர் இலக்கணம் பார்க்கவில்லை. இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாததால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் சேச்சி கண் விழித்தார்.

வெளியே பெஞ்சில் அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "'போட்டு'ன்னு சொல்லிட்டேன்ட்டி. 'எடுத்து'ன்னுல்லா வரணும்."

"எனக்கு 'எடுத்து'ன்னு சொல்லத் தெரியும்க்கா. எடுத்தாங்களான்னுதான் தெரியாது."

அக்கா தலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, யாரோ ஒருத்தியைப் பற்றி விசாரிப்பதுபோல், "நான் நல்லாக் கேக்கேன், இல்லா?" என்றார்.

"ஆமாக்கா."

அன்றிலிருந்து தப்புத்தப்பாக மலையாளம் பேசத் தொடங்கினார். யாராலும் நிறுத்த முடியவில்லை.

சேச்சி கடைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அக்காவைக் கூப்பிட்டார். "நினக்கு எல்லாம் மனசிலாயிருந்நோ?"

"எல்லாம், சேச்சி."

"என்டெ நாத்தூனைப் பற்றிப் பறஞ்ஞதும்?"

"அதும்."

சேச்சி கொஞ்சம் யோசித்தார். மறுநாள் முதல் பழம்பொரி இரண்டு கூடுதலாக வந்தது.

அந்த மழைக்காலத்தில் நான் காய்ச்சலில் படுத்தபோது அக்காதான் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தார். எனக்குப் பூண்டு பிடிக்காது என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை. அம்மாவிடம் எப்போதோ போனில் சொல்லியிருப்பேன். கஞ்சியில் பூண்டு இல்லை.