பஞ்சில் தூங்கிய கோதுமை

“உஸ்தாத், என் கோதுமை செத்துப் போச்சா?” என்று ஆசிரியர் நவ்ஃபலைக் கேட்டாள் தாலியா.

பாலர் வகுப்பின் ஜன்னல் விளிம்பில் தயிர்க் கிண்ணங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஈரப் பஞ்சு, பஞ்சின் மேல் ஒரு பிடி கோதுமை. கிண்ணத்தின் வெளிப்புறம் குழந்தையின் பெயர். குழந்தையே எழுதியது என்பதால் யாராலும் படிக்க முடியாதது. டிசம்பர் முதல் வாரத்தில் வரும் புனித பார்பாரா திருநாளன்று விதைத்தால், கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றி அடுக்குவதற்குள் பச்சைப் பசேலென்று நிற்க வேண்டும். லெபனான் மலையில் விவரம் தெரியாத கோதுமைகூட அப்படித்தான் நிற்கும். ஆனால் ஒரு வாரத்துக்கு மேலாகியும் நவ்ஃபலின் வகுப்பில் பஞ்சு மட்டும்தான் செழிப்பாக இருந்தது.

“சாகலைம்மா. தூங்குது,” என்றார் நவ்ஃபல்.

அது அவர் செய்த முதல் தப்பு.

தாலியா உடனே திரும்பி, உதட்டில் விரலை வைத்து, “உஷ்ஷ்! கோதுமை தூங்குதாம்!” என்று வகுப்புக்கு அறிவித்தாள். அன்றிலிருந்து அந்த வகுப்பு கிசுகிசுவென்றுதான் பேசியது. பாட்டைக்கூட உதட்டை மட்டும் அசைத்துப் பாடியது. யாராவது தும்மினால் மொத்த வகுப்பும் அவனைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

தலைமை ஆசிரியை சிஸ்டர் யூஜெனி தாழ்வாரத்தில் போனவர், பாலர் வகுப்பிலிருந்து சத்தமே வராததைக் கேட்டு, குழந்தைகளை யாரோ கடத்திவிட்டார்கள் என்று பதறிக் கதவைத் திறந்தார். எல்லாம் உட்கார்ந்திருந்தன.

“நவ்ஃபல், நான் வந்த நாள்லேர்ந்து இந்த வகுப்பு இப்படி இருந்ததே இல்லை. எப்படிச் செஞ்சீங்க?”

“எல்லாம் அன்புதான் சிஸ்டர்.”

சிஸ்டரின் பார்வை ஜன்னலுக்குப் போனது. முகம் மாறியது.

“பக்கத்து வகுப்புல மிஸ் ஜொர்ஜெத்தோட கோதுமை விரல் உயரம் வந்தாச்சு. திங்கக்கிழமை குடில் கட்டறோம். அம்மா அப்பா எல்லாம் வருவாங்க. குழந்தைங்க கையால வளர்த்த பச்சை இல்லாம குடிலைச் சுத்தி எதை வைக்கறது? உங்க அன்பையா?”

நவ்ஃபல் அந்தப் பள்ளியில் தற்காலிகம். பிரசவத்துக்குப் போன டீச்சர் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால், கிறிஸ்துமஸுக்குள் அவரை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று சிஸ்டர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. வீடு என்றால் மாமாவின் ஊறுகாய்க் கடை. நாலு வருஷம் அங்கே பீட்ரூட் சாயத்தில் டர்னிப் ஊறுகாய் போட்டதில் அவர் விரல்கள் ரோஜா நிறமாகிவிட்டன. வகுப்புக்கு வந்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக மனித நிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

சிஸ்டர் போனதும் நவ்ஃபல் கிண்ணங்களையெல்லாம் எடுத்து, வகுப்பின் நடுவே எரியும் டீசல் கணப்பைச் சுற்றி வைத்தார். சூடு பட்டால் எதுவும் எழுந்துவிடும் என்பது அவர் கணக்கு. அரை மணியில் வகுப்பு முழுக்கச் சோம்பு வாசனை. அதை முகர்ந்துகொண்டே பள்ளிச் சமையல்காரி உம் தன்னூஸ் கரண்டியோடு வந்து நின்றாள்.

“யாருய்யா அது, என் புர்பாராவைச் சுட வைக்கறது?”

புர்பாரா என்பது கோதுமையைச் சோம்போடு வேகவைத்து, சர்க்கரையும் மாதுளையும் போட்டுத் திருநாளன்று எல்லாரும் சாப்பிடுவது. “இங்க ஏது புர்பாரா? இது விதைச்ச கோதுமை,” என்றார் நவ்ஃபல்.

அவள் குனிந்து ஒரு மணியை எடுத்து வாயில் போட்டு மென்றாள். நிதானமாக விழுங்கினாள்.

“தம்பி, இது வெந்த கோதுமை.”

“என்னது?”

“திருநாள் அன்னிக்குக் காலையில மேஜை மேல ரெண்டு சட்டி வச்சிருந்தேன். விதைக்கறதுக்கு வலது பக்கம், இனிப்புக்கு இடது பக்கம். நீ எதை எடுத்துட்டுப் போனே?”

நவ்ஃபல் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். அது தப்பு செய்த கை மாதிரியே இருந்தது.

“அப்ப... வேகாத கோதுமை என்ன ஆச்சு?”

இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. திருநாள் விருந்தில் ஆசிரியர்கள் சூழ உட்கார்ந்து, ஜெபம் சொல்லி, முதல் கரண்டி புர்பாராவை வாயில் வைத்துக் கடித்த பங்குத் தந்தை யுவாகீமின் முன்பல், எல்லாருக்கும் கேட்கும்படி உடைந்தது. மற்றவர்கள் மரியாதைக்காக அப்படியே விழுங்கினார்கள். அந்தக் காரியத்தைச் செய்தவர் யாராக இருந்தாலும் கண்டுபிடித்த அன்றே பள்ளியை விட்டு அனுப்புவேன் என்று சிஸ்டர் அறிவித்திருந்தார்.

“வெளியே சொல்லிடாதீங்க உம் தன்னூஸ்.”

“நான் ஏன்யா வாயைத் திறக்கறேன்? பார்க்காம சர்க்கரை கலந்தது நான்தானே.” அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். “இப்ப புதுசா விதைச்சாலும் திங்கக்கிழமைக்குள்ள மூக்குதான் காட்டும். கீழே பத்ரூன் பக்கம் அபூ ஃபாரிஸ்னு ஒருத்தன் நாத்துப்பண்ணை வச்சிருக்கான். பஞ்சுல கோதுமை வளர்த்து கோயில் கோயிலா விக்கறவன். அவனைப் பிடி.”

நவ்ஃபல் அபூ ஃபாரிஸுக்கு போன் செய்தார். விஷயத்தைக் கேட்டதும் அபூ ஃபாரிஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டான். துறைமுகத்தில் சிகரெட் கடத்துகிறவனும் அவ்வளவு தாழ்த்தமாட்டான்.

“எவ்வளவு உயரம்?”

“விரல் உயரம். ஜாஸ்தி வேண்டாம், பக்கத்து வகுப்பு அளவுக்கு இருந்தாப் போதும். ஆனா பேர் எழுதின அதே கிண்ணத்துல இருக்கணும்.”

“ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடத்துல யாரும் இருக்க மாட்டாங்க இல்ல? ஜன்னல் கொக்கியைப் போடாம விட்டுட்டுப் போ. மத்தது என் பாடு. ஒண்ணு மட்டும் கேட்டுக்க. இனிமே நீ எனக்கு போன் பண்ணாதே, நானும் உனக்குப் பண்ண மாட்டேன். உனக்கும் எனக்கும் பழக்கமே கிடையாது.”

நவ்ஃபல் கிண்ணங்களைத் திரும்ப ஜன்னல் விளிம்பில் அடுக்கி, கொக்கியைப் போடாமல் வீட்டுக்குப் போனார். ஞாயிறு முழுக்கப் பனி கொட்டியது. நவ்ஃபல் கம்பளிக்குள் படுத்துக்கொண்டு, ஜன்னல் கொக்கியை நினைத்து நிம்மதியாகத் தூங்கினார்.

திங்கள் காலை வகுப்பைத் திறந்தால், ஜன்னல் விளிம்பு முழுக்கப் பச்சை! அதே தயிர்க் கிண்ணங்கள், அதே கிறுக்கல்கள். மாறூன் என்ற பொடியன் கடித்து வைத்த கிண்ணத்தில் பல் தடம்கூட அப்படியே இருந்தது. ஒரு கிண்ணத்தை எடுத்துப் பார்த்தார். வேர் பஞ்சுக்குள் பின்னிப் பிணைந்திருந்தது. ‘என்ன ஒரு தொழில்காரன்!’ என்று உருகிப்போனார் நவ்ஃபல். ஒரே ஒரு குறை. விரல் உயரம் கேட்டார். சாண் உயரம் நின்றது.

குழந்தைகள் பூனைபோல் உள்ளே வந்து, பார்த்து, அப்படியே நின்றன. ஒரு வாரமாகக் கிசுகிசுத்த தாலியா முதல் தடவையாகத் தொண்டை திறந்து கத்தினாள்.

“பார்பாரா வந்துட்டுப் போயிருக்காங்க!”

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. துரத்தி வந்த ஆட்களுக்குத் தப்பி பார்பாரா கோதுமை வயலுக்குள் ஓடியதும், கண்ணிமைக்கும் நேரத்தில் பயிர் ஆளுயரம் வளர்ந்து அவளை மறைத்ததும் நவ்ஃபல் சொன்ன கதைதான். திருநாளன்று மேஜைக்கு அடியில் பதுங்கி நடித்தே காட்டியிருந்தார்.

இடைவேளைக்குள் பள்ளி வாசலில் தாய்மார்கள் மெழுகுவர்த்தியோடு திரண்டுவிட்டார்கள்.

“அற்புதமெல்லாம் இல்லைங்க,” என்று நவ்ஃபல் கையைப் பிசைந்தார். “கணப்பு வச்சிருந்தேன். அந்தச் சூடுதான்.”

உடனே எல்லாரும் கணப்பைச் சுற்றி மண்டியிட்டார்கள். ஒரு அம்மா நேர்ந்துகொண்டு தன் தலைத்துண்டைப் புகைக்குழாயில் கட்டினாள். அது பற்றி எரிந்ததும், வேண்டுதல் ஏற்கப்பட்டது என்று மற்றவர்களும் தலைத்துண்டை அவிழ்த்தார்கள்.

“கணப்பு இல்லைங்க, தப்பாச் சொல்லிட்டேன்! பஞ்சுங்க. மருந்துக் கடையில வாங்கின நல்ல பஞ்சு!”

மதியத்துக்குள் ஊரில் ஒரு துணுக்குப் பஞ்சு இல்லை. மூக்கில் ரத்தம் வந்த தபால்காரர், இரண்டு மூக்கிலும் ரொட்டியை அடைத்துக்கொண்டு தபால் கொடுத்தார்.

“ஐயோ, பஞ்சும் இல்லைம்மா. நான் சும்மா தண்ணிதான் ஊத்தினேன்!”

“எந்தக் கையால?” என்றாள் ஒரு பெண்மணி. பதிலுக்குக் காத்திராமல் அவர் கையைப் பிடித்து இழுத்து, பக்கத்தில் நின்ற தன் கணவரின் வழுக்கைத் தலையில் வைத்து அழுத்தினாள். சாயங்காலத்துக்குள் மூன்று முடி முளைத்ததாக முடிவெட்டுகிறவர் இன்றும் சொல்கிறார். மூன்றும் கோதுமை நிறம்.

மிஸ் ஜொர்ஜெத் ஸ்கேலோடு வந்து, நவ்ஃபலின் கோதுமையை அளந்து, தன் வகுப்புக்குப் போய்த் தன்னுடையதை அளந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

சிஸ்டர் யூஜெனி, பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்துக்கு போன் போட்டார். முதலில் பங்குத் தந்தை விசாரித்துச் சொல்லட்டும் என்றார்கள். அன்று மத்தியானமே ஃபாதர் யுவாகீம் வந்தார், பல் போன இடத்தைக் கையால் மறைத்தபடி. வகுப்பில் குழந்தைகள் முன்வரிசை, தாய்மார்கள் சுவரோரம், உம் தன்னூஸ் கதவோரம். அவள் முகத்தை ஏப்ரனால் துடைத்துத் துடைத்ததில் அது பளபளத்தது.

“பயப்படாதீங்க,” என்று சிஸ்டர் நவ்ஃபலின் காதில் சொன்னார். “ஃபாதர் கேட்கற ஒரே கேள்விக்கு ஆமான்னு சொல்லுங்க. வேலை நிரந்தரம்னு இங்கேயே எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்.”

ஃபாதர் வேதப் புத்தகத்தை நீட்டினார். “மகனே, இது மேல கையை வச்சுச் சொல்லு. இது குழந்தைங்க தங்க கையால விதைச்சது. உனக்குத் தெரிஞ்சு வேற மனுஷக் கை எதுவும் இதுல படலை. ஆமாவா?”

நவ்ஃபல் கையை நீட்டினார். விரல் நுனிகளில் இன்னும் லேசாக ரோஜா நிறம். ஆமா என்ற ஒரு சொல்லுக்கு அப்பால் வகுப்பும், தாலியாவும், மாசச் சம்பளமும். இப்பால் மாமாவும் டர்னிப்பும். வாயைத் திறந்தார்.

“உஷ்ஷ்,” என்று தாலியா பக்கத்துப் பையனை அடக்கினாள். “நம்ம உஸ்தாத் பேசப் போறாரு.”

நவ்ஃபல் கையை இழுத்துக்கொண்டார்.

“ஃபாதர், உங்க பல்லு...”

“என் பல்லுக்கு என்ன?”

“அதை உடைச்சது நான்தான்.”

அப்புறம் நிறுத்த முடியவில்லை. வலது சட்டி, இடது சட்டி, வெந்த கோதுமை, அபூ ஃபாரிஸ், ஜன்னல் கொக்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். உம் தன்னூஸ் பேரை மட்டும் விழுங்கிவிட்டார். அதற்குள் அவளே, “சர்க்கரை கலந்தவ நான்!” என்று கதவோரத்திலிருந்து கதறிவிட்டாள்.

தாய்மார்கள் ஒவ்வொருவராக மெழுகுவர்த்தியை ஊதினார்கள். ஒருத்தி, ஆசிரியருக்கென்று கொண்டுவந்த பேரீச்சம்பழப் பலகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். வழுக்கைக்காரரின் மனைவி கணவருக்குத் தொப்பியை மாட்டிவிட்டாள்.

திடீரென்று ஒரு சீழ்க்கைச் சத்தம். ஃபாதர் யுவாகீம் சிரித்துக்கொண்டிருந்தார். பல் சந்து வழியாகக் காற்று விசிலாக வந்தது.

“நானும் ரெண்டு வாரமா, எந்தப் பாவத்துக்கு ஆண்டவர் என் பல்லைப் பிடுங்கினார்னு யோசிச்சு யோசிச்சுப் பழசையெல்லாம் கிளறிட்டேன். போ, மன்னிச்சாச்சு. அற்புதம் ஒண்ணும் இல்லைன்னு ஆயர் இல்லத்துக்குச் சொல்லிடறேன்.”

சிஸ்டர் சிரிக்கவில்லை. “நவ்ஃபல், ஒரு ஆமாதானே? சொல்லியிருந்தா இப்ப உங்களுக்கு வேலை இருந்திருக்கும்.”

“குழந்தைங்க பார்த்துக்கிட்டு இருந்தாங்க சிஸ்டர்.”

சிஸ்டர் குழந்தைகளைப் பார்த்தார், சாண் உயரப் பச்சையைப் பார்த்தார், கடைசியில் நவ்ஃபலைப் பார்த்தார்.

“சரி, ஜனவரியிலேர்ந்து நீங்க நிரந்தரம். நடந்ததை நடந்தபடியே சொன்னீங்க பாருங்க, அதுக்காக. சமையலறைப் பக்கம் மட்டும் தலை வச்சுப் படுக்காதீங்க.”

குழந்தைகள் கைதட்டின. விஷயம் புரிந்ததாலல்ல, சத்தம் போடலாம் என்று ஆகிவிட்டதால். நவ்ஃபலின் கண் கலங்கியது. அந்த நேரம் பார்த்துக் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு, மீசையெல்லாம் பனியோடு, இரண்டு கையிலும் ஒரு பெரிய மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

“இங்க நவ்ஃபல் உஸ்தாத் யாருப்பா? நான்தான் அபூ ஃபாரிஸ், மன்னிச்சுக்கய்யா. நேத்திக்குப் பனி விழுந்து மலைப்பாதையை மூடிட்டாங்க, இப்பதான் திறந்துவிட்டாங்க. நீ கேட்டபடியே விரல் உயரம்தான் கொண்டாந்திருக்கேன். எங்கே இறக்கட்டும்?”