மைனஸ் ஏழாம் காம்பரா

சொந்த மூளையை நம்பாதவன் கையில் கம்ப்யூட்டரைக் கொடுக்கக்கூடாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ரகம். (இப்போதும்தான்.)

எண்பதுகளின் கடைசியில் இலங்கை மலையகத்து லிந்துலையில் ரேடியோ திருத்தும் செல்வம் அண்ணனிடம் வேலைக்கு நின்றேன். டிவியில் மாட்டுகிற பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் அவர் சொந்தமாக ஒரு சின்னக் கணினி மொழி கட்டிக்கொண்டிருந்தார். '1..20' என்று அடித்தால் ஒன்று முதல் இருபது வரை மொத்தத்தையும் ஒரே பொருளாக எடுத்துக்கொள்ளும்.

"இதுக்குக் கூட்டல் கழித்தல் நீ போட்டுக் குடு" என்றார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. 1..20உடன் ஐந்தைக் கூட்டினால் எல்லாமே ஐந்து தள்ளிப்போகுமா, வால் மட்டும் நீளுமா? கழித்தல் இன்னும் விசித்திரம். கடைசியில் தலையிலிருந்து தலை, வாலிலிருந்து வால் என்று கழிக்க வைத்தேன்.

அந்த வாரம் அக்கா கல்யாணத்துக்கு ஆட்களை அழைக்கிற வேலை வந்தது. (தோட்டத்து லயம் என்பது ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றையறை வீட்டு வரிசை; ஒவ்வோர் அறையும் ஒரு காம்பரா.)

"மாப்பிள்ளை வீட்டு லயத்துல இருபது காம்பரா. எட்டுலேருந்து பன்னெண்டு வரைக்கும் வேற ஒரு குடும்பத்துப் பங்காளிங்க, சாவுத் தீட்டு. அத விட்டுட்டு மத்தவங்களுக்கு வெத்தில பாக்கு வச்சிட்டு வாடா" என்றாள் அக்கா.

எதற்கும் கேட்டுவிடுவோம் என்று '1..20 - 8..12' அடித்தேன். '-7..8' என்றது.

மைனஸ் ஏழாம் காம்பராவைத் தேடிக் கோழிக்கூட்டுக்குப் பின்னால்கூடப் பார்த்தேன். இல்லை. சரியென்று ஒன்றிலிருந்து எட்டு வரை அழைத்தேன். (எட்டு தீட்டு வீடுதான். ஆனால் கம்ப்யூட்டர் சொன்னபின் மறுக்க நான் யார்?)

"தீட்டு வீட்டுல வந்து வெத்தில பாக்கு நீட்டுறியே, அறிவிருக்கா ஒனக்கு?" என்று எட்டில் விரட்டினார்கள். அதற்கு மேல் நான் போகவில்லை. பதினைந்தில் இருந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன்.

"அழைக்காத கல்யாணத்துக்கு வரமாட்டாராம். அவரு இல்லாம தாலி கட்ட மாட்டாங்களாம்!" அக்கா அழுதாள். ஓடினேன்.

"மாமா, தப்பு என்னுதுங்க. கழிச்சதுல…"

"என்னது, என்னையக் கழிச்சிட்டியா?"

"ஒங்கள இல்லீங்க மாமா! நடுவுல உள்ள அஞ்ச எடுத்தா ரெண்டு துண்டா நிக்கணும். நான் ஒன்னுல எட்டு போக, இருபதுல பன்னெண்டு போகன்னு…"

முழுக்கதையும் சொன்னேன். மாமாவின் முகத்தில் கோபம் எங்கோ போய், ஓர் ஆவல் வந்து உட்கார்ந்தது.

"அப்ப அந்த மைனஸ் ஏழாம் காம்பராவுல யாருடா இருக்கா?"

கல்யாணத்துக்கு வந்தார். மாலை எடுத்துக் கொடுத்தார். பந்தியில் மட்டும் என் பக்கத்து இலையில் யாரையும் உட்கார விடவில்லை. "இது மைனஸ் ஏழாம் காம்பராக்காரருக்கு!"

அந்தக் கழித்தலை மறுவாரமே திருத்திவிட்டேன்; அழகாக இரண்டு துண்டாகப் பிரித்தது. யாருக்கு வேண்டும்? எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் இன்றும் எனக்குப் பக்கத்தில் ஓர் இலை காலியாக விழுகிறது. பரிமாற வரும் அக்கா மகன் வாளியோடு நின்று கேட்கிறான்: "மாமா, ஒங்காளு இன்னும் வரலியா?"